இரத்மலானையிலிருந்து ஐம்பத்தைந்து நிமிடம்

எங்கள் ஒழுங்கையில் யாராவது வெளிநாடு போக ஆயத்தப்பட்டால் அந்த வீட்டார் இப்போதும் என்னிடம்தான் கேட்க வருகிறார்கள். இது அரபு நாடுகளுக்குப் போகும் காலம். போன கிழமை அன்புவழிபுரத்தின் அடுத்த தொங்கலில், ஊரின் மறுகோடியில் இருந்து ஒரு தாய் வந்து கேற்றடியில் நின்றார்.

"ஐயா, கொழும்பில இருந்து குவைத்துக்குப் பிளேன் எத்தனை மணித்தியாலம் ஓடும்? மகன் போறான்."

எனக்குத் தெரியும். தூரமும் தெரியும், இடையில் எங்கே இறங்கி எண்ணெய் நிரப்புவார்கள் என்பதும் தெரியும். "அனுப்புற ஏஜென்சிக்காரரிட்டக் கேளுங்கோ பிள்ளை, எனக்கு உதெல்லாம் தெரியாது" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். குசினி வாசலில் நின்ற மனைவி என்னை ஒரு தரம் பார்த்தார். காரணம் அவருக்குத் தெரியும்.

நான் அரசாங்க லிகிதராக, ஊரார் சொல்வதில் கிளாக்கராக, இருந்து ஓய்வுபெற்றவன். சேவைக்காலத்தின் பெரும்பகுதி திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில், உட்துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த ஒரு காரியாலயத்தில் கழிந்தது. என் மேசைக்கு வந்த வேலைகளில் ஒன்று, உத்தியோகத்தர்கள் கடமைக்காகப் போய்வந்த பயணங்களின் தூரமும் நேரமும் சரிதானா என்று பார்த்துக் கையொப்பம் இடுவது. இரண்டு ஊர்களுக்கு இடையே ஒரே ஒரு தூரம்தான் இருக்கிறது என்று நினைப்பவர்கள் இந்த வேலையைச் செய்து பார்த்ததில்லை. றோட்டுத் தூரம் ஒன்று, றெயில் தூரம் ஒன்று, கடல் தூரம் இன்னொன்று. கடல் மைல் தரை மைலைவிட நீளம் என்பதை ஒவ்வொரு புதிய மேலதிகாரிக்கும் நான் புதிதாக விளங்கப்படுத்த வேண்டியிருந்தது.

தோப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். குடாவுக்கு அங்காலே மூதூர், மூதூருக்கு அங்காலே சில மைலில் தோப்பூர். காகம் ஒன்று காலையில் புறப்பட்டால் பத்து மணித் தேத்தண்ணிக்கு முதல் போய்ச் சேர்ந்துவிடும். எங்கள் உத்தியோகத்தர் றோட்டால் போனால் ஆற்றுக்கு ஆறு இறங்கி, நாங்கள் 'பாதை' என்று சொல்லும் மிதவையில் வாகனத்தை ஏற்றி, அக்கரையில் இறக்கி, அடுத்த ஆற்றடியில் மறுபடி ஏற்றி, அரைநாள் ஆகும். மிதவை அக்கரையில் நின்றால் முக்கால் நாள். இவ்வளவு குறுகிய தூரத்துக்கு இவ்வளவு நேரம் எடுத்ததற்கு விளக்கம் தருமாறு ஒருமுறை மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. "இடையில் தண்ணீர் உள்ளது" என்று பதில் எழுதினேன். அந்தப் பதிலுக்காக எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதையும் இலக்கமிட்டுக் கடிதக் கோவையில் சேர்த்தேன்.

விமானத் தூரம் மட்டும் ஒருவரிடமும் இருக்கவில்லை. கொழும்பு இரத்மலானையிலிருந்து எங்கள் ஊர் விமானத்தளமான சீனக்குடாவுக்கு விமானம் வந்துபோகத் தொடங்கிய பிறகு, அதில் போன ஓர் உத்தியோகத்தரின் பயணத்தை எந்தத் தூரத்தின்படி சரிபார்ப்பது என்ற கேள்வி வந்தது. விதிப் புத்தகத்தில் விடை இல்லை. சுவரில் தொங்கிய நில அளவைப் படத்தில் இரத்மலானையில் ஒரு குண்டூசி, சீனக்குடாவில் ஒரு குண்டூசி குத்தினேன். இடையில் மனைவியின் தையல் பெட்டியிலிருந்து கொண்டுபோன நூல். நூலை அளவுகோலில் வைத்தபோது நூற்றைம்பது மைலுக்குச் சற்றுக் குறைவு. றோட்டு நூற்றறுபது. றெயில் அதைவிட நீளம், இரவு முழுவதும் போகும். டக்கோட்டா விமானம் ஐம்பத்தைந்து நிமிடத்தில் வந்து இறங்கியது. காரியாலயச் சுவரில் நான் எழுதி மாட்டியிருந்த தூர அட்டவணையில் புதிதாக ஒரு நிரல் கீறி, சிவப்பு மையால் ஐம்பத்தைந்து என்று எழுதினேன். கடிதம் எழுதி ஒருவரிடமும் அனுமதி கேட்காமல் சேவைக்காலத்தில் நான் செய்த ஒரே காரியம் அதுதான். ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. இரண்டு வருடத்தில் மற்றக் காரியாலயங்களும் அதைப் பிரதி எடுத்துக்கொண்டன.

அதன் பிறகு நான் ஊருக்கு ஒரு மணிக்கூடு மாதிரி ஆகிவிட்டேன். முக்கியமாகச் செத்த வீடுகளுக்கு. தகப்பன் செத்தால் மூத்த மகன், தாய் செத்தால் இளையவன் கொள்ளி வைக்கவேண்டும். அந்த மகன் கொழும்பில் உத்தியோகமாக இருப்பான். அவன் வந்து சேர எத்தனை மணியாகும், பிரேதத்தை எத்தனை மணிக்கு எடுக்கலாம் என்று என்னிடம் ஆள் அனுப்பிக் கேட்பார்கள். நான் அட்டவணையைப் பார்த்து, வீட்டிலிருந்து இரத்மலானைக்குப் போகும் நேரம், சீனக்குடாவில் இறங்கி ஊருக்கு வரும் நேரம் எல்லாம் கூட்டி, ஒரு நேரம் சொல்வேன். அந்த நேரத்தைப் பறை அடிப்பவர்களுக்கும் குருக்களுக்கும் அறிவிப்பார்கள். ஒருநாளும் பிழைத்ததில்லை.

என் அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். அவருடைய கணவர், என் அத்தார், இளம் வயதிலேயே காலமாகிவிட்டார். ஒரே மகன். தகப்பன் செத்த கிழமையில் அவனுக்குச் சின்னமுத்து என்ற அம்மை போட்டிருந்தது. வேப்பிலை கட்டிய அறையில் கிடந்த ஆறு வயதுப் பிள்ளையைச் சுடலைக்குக் கொண்டுபோக ஏலாது என்றபடியால், அத்தாரின் தமையன்தான் கொள்ளி வைத்தார். அக்கா அதை மறக்கவேயில்லை. மகன் வளர்ந்து படித்துக் கொழும்பில் ஒரு வங்கியில் வேலைக்குப் போன பிறகும், வருத்தம் வந்து பாயில் விழுந்த கடைசி மாதங்களிலும், அவர் என்னிடம் கேட்டது ஒன்றைத்தான்.

"தம்பி, தேப்பனுக்கும் அவன் வைக்கேல்லை. எனக்கு அவன்தான் வைக்கவேணும். வேற ஒருத்தரும் தொடக்கூடாது, சொல்லிப்போட்டன்."

"யோசியாதேங்கோ அக்கா. இரத்மலானையில இருந்து ஐம்பத்தைஞ்சு நிமிசம்."

"உன்ர ஐம்பத்தைஞ்சும் நீயும்" என்று சிரித்தார். "சாகிற நேரத்தையும் உன்னட்டக் கேட்டுத்தான் சாகவேணும் போல கிடக்கு. பிளேன் இல்லாத நாளில செத்துப்போடாம பாத்துக்கொள்ளுறன்."

சொன்னது போலவே செய்தார். எழுபதுகளின் முற்பகுதி, மார்கழி மாதம், விமானம் வருகிற ஒரு நாளின் விடியற்காலையில் அக்காவின் மூச்சு நின்றது. மூன்று நாளாக விடாத மழை. நான் ஓர்ஸ் ஹில்லுக்குச் சைக்கிளில் போய்க் காரியாலயத்தைத் திறந்து, அவசர அழைப்பாகக் கொழும்புக்கு எடுத்தேன். அக்காவின் மகன், என் மருமகன், தங்கியிருந்த வீட்டில் தொலைபேசி இருந்தது. ஏழே கால் மணிக்கு இணைப்புக் கிடைத்தது. செய்தியைச் சொன்னேன்.

"மாமா, நான் இப்பவே வெளிக்கிடுறன். கூட்டாளியின்ர கார் நிக்குது. அவனும் வாறன் எண்டுறான்."

"பொறு, பொறு. இஞ்ச மழை. கந்தளாயில றோட்டுக்கு மேலால தண்ணி நிக்கும். ஹபறணைக் காட்டுக்க கார் நிண்டா ஆர் வந்து பாக்கிறது? பதினொண்டரைக்குப் பிளேன். பன்னிரண்டு இருபத்தைஞ்சுக்குச் சீனக்குடா. ஒரு மணிக்கு நீ வீட்டில நிப்பாய்."

"சீற் கிடைக்குமோ மாமா? கார் வாசல்லயே நிக்குது."

"சீற் என்ர வேலை. நீ குளிச்சு வெளிக்கிட்டு இரத்மலானைக்குப் போ."

அவன் சிறுவயதிலிருந்தே என் சொல் கேட்டு வளர்ந்தவன். "ஓம் மாமா" என்றான்.

அரசாங்கத் தேவைக்கென்று ஒவ்வொரு விமானத்திலும் ஓரிரண்டு ஆசனங்களைக் கடைசிவரை ஒதுக்கி வைப்பார்கள். தேவை இல்லை என்று உரிய காரியாலயம் அறிவித்தால் அவை பொதுமக்களுக்குப் போகும். அன்று எங்கள் ஆசனம் தேவையில்லை என்று அறிவித்தேன். அறிவித்த அதே மூச்சில் காத்திருப்போர் வரிசையில் முதலாவது பெயர் யாருடையது என்பதையும் சொன்னேன். விதி ஒன்றும் மீறப்படவில்லை. விதிக்குள் இருந்த ஒரு சின்னக் கதவு எனக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். தொலைபேசியை வைத்தேன். இந்த ஊரில் வேறு எவனால் இதைக் கால் மணித்தியாலத்தில் செய்ய முடியும் என்று யோசித்தேன்.

அக்கா வீட்டுக்குத் திரும்பி வந்தபோது முற்றத்தில் பந்தல் போட்டு வெள்ளைத் துணி கட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தாரின் தமையன் குடையுடன் நின்றார். துறைமுகத்தில் பைலட் படகுச் சுக்கானியாக இருந்தவர். வெள்ளைக்காரன் காலத்திலும் பிறகும் குடாவுக்கு வெளியே போய்க் கப்பல்களுக்கு வழிகாட்டி உள்ளே கூட்டிவந்த படகு அவருடையது. அத்தார் போன பிறகு அக்கா வீட்டில் எதுவும் அவர் சொல்லாமல் நடப்பதில்லை.

"என்ன தம்பி, பெடியன் எதில வாறான்?"

"பிளேனில, அண்ணை."

குடையை விலக்கி மேலே பார்த்தார். தென்னை வட்டுக்குச் சற்று மேலேயே வானம் தொடங்கியிருந்தது.

"இந்த வானத்தில கொக்கே இறங்க யோசிக்கும். நீ பிளேனை இறக்கப் போறியோ?"

"அண்ணை, அது படகு ஓட்டுற மாதிரி இல்லை. அங்க கோபுரம் இருக்கு, ரேடியோ இருக்கு, கருவியள் இருக்கு."

"ஓம், ஓம். கப்பலிலயும் உதெல்லாம் இருந்தது. இருந்தும் நான் போய்த்தான் கூட்டிக்கொண்டு வந்தனான்."

எடுக்கும் நேரம் மூன்று மணி என்று தீர்மானித்தோம். அவர் ஆட்சேபிக்கவில்லை. ஊருக்குச் சொல்லி அனுப்பியாயிற்று.

பிரேதத்துக்கு மருந்து ஏற்றும் வழக்கம் அப்போது எங்கள் பக்கம் இல்லை. கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு மீன் முதலாளி, வருடா வருடம் தன் விண்ணப்பங்களை என்னைக் கொண்டு எழுதுவிப்பவர், செய்தி கேட்டுத் தன் வான் வண்டியில் ஐஸ் கொண்டு வந்தார். மரத்தூளுக்குள் நாலு கட்டி. கட்டிலுக்குக் கீழே தகரத் தட்டம் வைத்து அடுக்கினோம்.

"இவ்வளவுதான் கிளாக்கர் ஐயா. கடலுக்குப் போக ஏலாம வள்ளமெல்லாம் கரையில கிடக்கு. மீனில்லாட்டி ஐஸ் யாருக்கு? மெசினை நிப்பாட்டிட்டான். இன்னும் கேட்டா என்னையத்தான் கட்டியாக்கித் தரணும்."

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

"மீனுக்கெண்டா..." என்று தொடங்கியவர் கட்டிலைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "பின்னேரம் மட்டும் தாங்கும் ஐயா. அதுக்கு மேல நான் சொல்லமாட்டன்."

மருமகனைச் சீனக்குடாவிலிருந்து ஏற்றி வரவும் அவரே முன்வந்தார். பதினொன்றே முக்காலுக்கு வானை எடுத்துக்கொண்டு போனார்.

குருக்கள் வந்து காத்திருந்தார். பின்னேரம் அவருக்கு வேறோர் இடத்தில் அலுவல். எத்தனை மணிக்குக் கிரியையைத் தொடங்கலாம் என்று இரண்டு தரம் கேட்டார். செத்த வீட்டுக் கிரியை தொடங்கினால் இடையில் நிறுத்துவதில்லை. குளிப்பாட்டி, புதுச்சேலை உடுத்தி, பந்தலுக்குக் கொண்டுவந்து கிடத்தினால், பிறகு சுடலைதான். ஆகவே சரியான நேரத்தில் தொடங்க வேண்டும். ஒரு மணிக்குப் பெடியன் வாசலில் நிற்பான், அவனுடைய பங்கு வருவதற்குமுன் முதற் கிரியைகளை முடிக்கலாம், விமானம் இறங்கியவுடன் தொடங்குங்கள் என்றேன்.

பன்னிரண்டு இருபதுக்கு, ஐந்து நிமிடம் முந்தி, சத்தம் கேட்டது.

முதலில் தூரத்து இரைச்சல், பிறகு தலைக்கு மேலே. முற்றத்தில் நின்ற எல்லாரும் மேலே பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. "வந்திட்டான், வந்திட்டான்" என்று உள்ளே பெண்கள் கத்தினார்கள், அடங்கியிருந்த ஒப்பாரி மறுபடி எழுந்தது. நான் கைமணிக்கூட்டைப் பார்த்தேன். அக்கா செத்த அன்று, அக்காவின் முற்றத்தில், நான் சந்தோசப்பட்டேன். இதை இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. சுக்கானி அண்ணையின் பக்கம் திரும்பி மணிக்கூட்டைக் காட்டவும் செய்தேன். பிறகு குருக்களிடம் போனேன்.

"தொடங்குங்கோ ஐயா."

பறை அடிக்கத் தொடங்கினார்கள். அக்காவைத் தூக்கிக் கிணற்றடிப் பக்கம் கொண்டுபோய்க் குளிப்பாட்டினார்கள். பறைச் சத்தத்துக்குள் இன்னொரு சத்தம் இருந்தது. சீனக்குடாவில் இறங்கி, கதவு திறந்து, ஆட்களை வெளியே விட்டிருக்க வேண்டிய விமானம் ஏன் இன்னும் மேலே இரைகிறது என்று நான் யோசித்தேன். அண்ணை கையை உயர்த்தினார். பறை நின்றது.

விமானம் உட்துறைமுகப் பக்கமிருந்து வந்து, எங்கள் மேலால் கடந்து, கடலை நோக்கிப் போனது. போய்த் திரும்பியது. இந்த முறை இன்னும் பதிவாக, தாழப் பறந்து. யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கூரைக்கும் அதற்கும் இடையே சில நூறு அடிதான் இருந்திருக்கும். என் அட்டவணையில் அந்தத் தூரத்துக்கு நிரல் இல்லை. நான் பந்தலை விட்டு வெளியே வந்து மழைக்குள் நின்றேன், அப்படி நின்றால் தெரியும் என்பது போல. மூன்றாவது தரமும் வந்தது. பிறகு தென்மேற்குப் பக்கமாக மெலிந்து மெலிந்து, பறைக்காரர் ஒருவர் இருமிய சத்தத்தில் முடிந்துபோனது.

"திரும்பிட்டுது" என்றார் அண்ணை.

"இல்லை அண்ணை, வரும். உடன போகமாட்டினம். விதி இருக்கு. மூண்டு தரம் பாத்துத்தான்..."

"தம்பி, மூண்டு தரம் வந்திட்டுது."

உண்மைதான். மூன்று தரம் முயன்று, நிலம் தெரியாவிட்டால் புறப்பட்ட இடத்துக்கே திரும்புவது. நடைமுறை அப்படியே கடைப்பிடிக்கப்பட்டிருந்தது. மனைவி வந்து என் தலைக்கு மேல் குடையைப் பிடித்தபோதுதான் நான் நனைந்திருப்பதை உணர்ந்தேன். உள்ளே அக்காவுக்குப் புதுச்சேலை உடுத்திக்கொண்டிருந்தார்கள்.

ஒன்றரைக்கு முதலாளியின் வான் வந்தது. முன் ஆசனம் வெறுமையாக இருந்தது. அவர் உள்ளே வரவே பயந்தவர் போல வாசலில் நின்றார்.

"எறங்க ஏலாதாம் ஐயா. முகில் நெலத்தில கிடக்காம். திருப்பிட்டாங்க." பிறகு, ஏதாவது சொல்லவேண்டும் என்பதற்காக, "சந்தியில எங்கட லொறியக் கண்டன். விடிய அஞ்சுக்குக் கொழும்பால வெளிக்கிட்டவன், இப்பதான் வாறான். கந்தளாயில தண்ணி முழங்காலுக்கும் இல்லயாம், றோட்டு நல்லமாம்..." என்றார். என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

லொறி எட்டு மணித்தியாலம் எடுத்திருந்தது. கார் என்றால் ஏழரை மணித்தியாலம். ஏழரை மணிக்கு வாசலில் நின்ற கார். கூட்டிப் பார்ப்பதற்கு எனக்கு அட்டவணை தேவைப்படவில்லை. பந்தலுக்குள் இருந்த எல்லாரும் கூட்டிப் பார்த்திருப்பார்கள்.

ஓர்ஸ் ஹில்லுக்கு மறுபடி சைக்கிளில் போனேன். கொழும்பு லைன் மழைக்கு அறுந்திருந்தது. சீனக்குடா கிடைத்தது.

"இண்டைக்கு இனிப் பிளேன் இல்லை, சேர்" என்றது ஓர் இளம் குரல்.

"விசேஷ விமானம் ஒண்டுக்கு ஆரிட்டக் கேக்கவேணும்?"

"எழுத்தில கேக்கவேணும் சேர். தலைமைக் காரியாலயத்துக்கு, மூண்டு நாள் முந்தி, உங்கட தலைவரின்ர சிபாரிசோட."

மிகச் சரியான பதில். இதே பதிலை, இதே மரியாதையான குரலில், நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். "நன்றி" என்று சொல்லி வைத்தேன். யன்னலால் உட்துறைமுகம் தெரியவில்லை. சுவரில் அட்டவணை தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் குருக்களைப் பிடித்தேன். விமானம் இப்போது இரத்மலானையில் இறங்கியிருக்கும், அங்கிருந்து காரில் வந்தால் இரவு பத்து மணி, இரவு றெயிலில் வந்தால் காலை ஆறு மணி, அதுவரை கிரியையை இடைநிறுத்த ஏதாவது ஏற்பாடு உண்டா என்று கேட்டேன்.

"கிளாக்கர், இது உங்கட காரியாலயம் இல்லை. தொடங்கியாச்சு."

"விதிவிலக்கு..."

"தொடங்கச் சொன்னது நீங்கள்தானே?"

அண்ணை நாலு மணி வரைக்கும் பார்ப்போம் என்றார். எதைப் பார்ப்பது என்று அவருக்கும் தெரிந்திராது. ஐஸ் தட்டத்தில் தண்ணீர்தான் இருந்தது. முதலாளி அதைத் தானே தூக்கிக்கொண்டுபோய் வேலியோரம் ஊற்றினார். நாலு மணிக்கு அண்ணை எழுந்து என்னிடம் வந்தார். அவருக்கு ஆண்பிள்ளைகள் இல்லை. கொள்ளி வைக்கும் உரிமையோடு நானும் அவரும்தான் இருந்தோம்.

"நான் இந்த வீட்டில ஒருக்கா மற்றவன்ர இடத்தில நிண்டு கொள்ளி வைச்சனான். இன்னொருக்கா என்னாலை ஏலாது. நீ வை."

"அக்கா என்னட்டச் சொன்னவா அண்ணை, வேற ஒருத்தரும்..."

"எனக்கும்தான் சொன்னவா."

ஈரத் திண்ணையில் இருத்தி என் மீசையை வழித்தார்கள். குருக்கள் தர்ப்பையை என் விரலில் போட்டு, மகனின் இடத்தில் நின்று செய்வதாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன். கொள்ளிக்குடம் தோளில் இருந்தபோது ஒரு பாரமும் தெரியவில்லை. விறகு நனைந்திருந்ததால் நெருப்பு பிடிக்க நேரமாயிற்று. எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஸ்ரேசனில் நின்றேன். றெயில் சரியான நேரத்துக்கு வந்தது. இரவெல்லாம் அவனுக்குச் சொல்வதற்கு விளக்கம் ஆயத்தப்படுத்தியிருந்தேன். முகில் பற்றி, கிரியை பற்றி, ஐஸ் பற்றி, ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு நல்ல அறிக்கையைப் போல. அவன் சின்னப் பையுடன் இறங்கி என் முகத்தைப் பார்த்தான். மீசை இல்லாத முகம். அதற்குமேல் அறிக்கை ஒன்றும் தேவைப்படவில்லை.

ஸ்ரேசன் வாங்கிலில் என் பக்கத்தில் இருந்தான்.

"மூண்டாந்தரம் முகிலில ஒரு ஓட்டை விட்டது மாமா. முதலில கோயில் மலை தெரிஞ்சது. பிறகு எங்கட ஒழுங்கை. வெள்ளை கட்டியிருந்ததைக் கண்டனான். சனம் மேல பாத்துக்கொண்டு நிண்டது."

"நானும் நிண்டனான்."

"தெரியும். ஒராள் மட்டும் குடையில்லாம மழைக்குள்ள நிண்டது. அது நீங்கள்தான் எண்டு நினைச்சனான்." பிறகு, "பக்கத்தில இருந்த மனுசனிட்டச் சொன்னனான், அது எங்கட வீடு எண்டு. அந்தாள் எட்டிப் பாத்தார். அதுக்குள்ள மூடிட்டுது" என்றான்.

கார் பற்றி அவன் பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை. ஒருமுறையாவது ஏசியிருந்தால் நான் ஒரு பதில் தயாரித்திருப்பேன்.

பிறகு நான் விமானக்காரருக்கு முறைப்படி ஒரு கடிதம் எழுதினேன் என்பதையும் சொல்லவேண்டும். என்ன கேட்டு எழுதினேன் என்று எனக்கே இப்போது விளங்கவில்லை. விமானம் குறித்த நேரத்துக்குப் புறப்பட்டது, குறித்த நேரத்தில் திருகோணமலைக்கு மேலே இருந்தது, காலநிலை காரணமாகத் தரையிறங்கவில்லை என்று பதில் வந்தது. கடிதத்தில் பிழை இல்லை. என் அட்டவணையிலும் பிழை இல்லை. சிவப்பு மையில் எழுதியதை வெட்டலாம் என்று ஒருநாள் பேனையைத் திறந்தேன். சரியாக இருக்கும் ஒன்றை வெட்டுவதற்கு என்ன காரணம் குறிப்பது என்று தெரியாமல் மூடினேன். நான் ஓய்வுபெற்ற நாளிலும் அது அங்கேயேதான் தொங்கியது.

மருமகன் வந்திறங்கிய அந்தக் காலை ஸ்ரேசனிலிருந்து நேரே சுடலைக்குப் போனோம். சாம்பல் அள்ளும் காடாத்து அன்றே செய்வதாக ஏற்பாடு. அண்ணையும் குருக்களும் எங்களுக்கு முதல் வந்து நின்றார்கள். மழை விட்டிருந்தது. மருமகன் சாம்பலில் பால் தெளித்து, எலும்புகளைப் பொறுக்கிச் சட்டியில் இட்டான். அதை மட்டும் அவன் தன் கையால் செய்தான். சட்டியைத் துணியால் கட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தான். கரைப்பதற்குக் கடலுக்கு நடக்கவேண்டும். அண்ணை முன்னால் போனார்.

"மாமா, இதில இருந்து கடலுக்கு எவ்வளவு தூரம்?"

எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து நடந்த வழி. மைலில் சொல்லலாம், அடியில் சொல்லலாம், நிமிடத்திலும் சொல்லலாம்.

"தெரியாது" என்றேன். "நட, போய்ப் பாப்பம்."